இன்சுலின் இருந்தும் பட்டினி

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே குழந்தையின் தட்டு சுருங்கிவிடுகிறது. நாலு இட்லி சாப்பிட்ட பிள்ளைக்கு இப்போது ஒன்றரை இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறும் கிண்ணம் நிறைய வெள்ளரிக்காயும். இரவில் கோதுமை ரவைக் கஞ்சி. பள்ளிக்குக் கொண்டுபோன பிஸ்கட் நின்றுபோகிறது. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதும் நின்றுபோகிறது. பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "மிட்டாய் நிறைய வாங்கிக் கொடுத்தீங்களா?" என்று அம்மாவைக் கேட்கிறார்கள். "எங்க மாமனாருக்குக்கூட நானூறு இருந்துச்சு. சோத்தைக் குறைச்சாரு, தன்னால இறங்கிடுச்சு" என்று ஆறுதலும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் அந்த ஆறுதல் ஒரு குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும் என்பதை உரக்கச் சொல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது.

சர்க்கரை நோயைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. 1948-லேயே இந்த நோய்க்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவை டாக்டர் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கிவிட்டார். டீக்கடையில் 'சர்க்கரை இல்லாம' என்று ஒருவர் சொன்னால் மாஸ்டர் ஏன் என்று கேட்பதில்லை. கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் கையை மறிப்பவரை யாரும் வற்புறுத்துவதில்லை. இவ்வளவு பரிச்சயம் நல்லதுதானே என்று தோன்றும். டைப் 1 குழந்தைக்கு அந்தப் பரிச்சயமே எதிரியாகிவிடுகிறது. நமக்குத் தெரிந்த சர்க்கரை நோய் தாத்தாவின் நோய். அது டைப் 2. அவர் உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் போதவில்லை, அல்லது உடம்பு அதற்குச் செவிசாய்ப்பதில்லை. சோற்றைக் குறைத்து, நடந்து, மாத்திரை போட்டால் சமாளித்துவிடலாம். குழந்தையின் நோய் வேறு. அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வழிமாறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிட்டது. மிட்டாய் தின்றதால் வந்ததல்ல, அம்மா கவனிக்காமல் விட்டதாலும் வந்ததல்ல. அவளுக்கு இன்சுலின் வெளியிலிருந்துதான் வந்தாகவேண்டும், தினமும், வாழ்நாள் முழுக்க. இரண்டு நோய்களுக்கும் நாம் 'சுகர்' என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். அந்த ஒற்றைப் பெயரால் தாத்தாவின் பத்தியம் பேத்தியின் தட்டுக்கு வந்து சேர்கிறது.

இந்தப் பத்தியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன்பு டைப் 1 குழந்தைகளுக்கு மருத்துவம் அறிந்திருந்த ஒரே வழி பட்டினி போடுவதுதான். அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஆலன் அதை ஒரு முறையாகவே வகுத்தார். உணவைக் குறைத்துக்கொண்டே போனால் இரத்தச் சர்க்கரை ஏறாது, மரணம் சில மாதங்களோ சில ஆண்டுகளோ தள்ளிப்போகும். அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத். 11 வயதில் நோய் கண்டது. 1922 ஆகஸ்டில், 15 வயதை எட்டும்போது, அவரது எடை சுமார் 20 கிலோ. அந்த மாதம்தான் அவர் டொரன்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடெரிக் பேன்டிங்கிடம் வந்து சேர்ந்தார். அதே ஊரில் அதே ஆண்டு ஜனவரியில் லெனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு உலகின் முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டிருந்தது. எலிசபெத் இன்சுலின் போட்டுக்கொண்டார், வயிறாரச் சாப்பிட்டார், தேறினார், மணந்து பிள்ளைகள் பெற்று 1981 வரை வாழ்ந்தார். நூறாண்டுக்கு முன்பே முடிவுக்கு வந்துவிட்ட அந்தப் பட்டினி வைத்தியத்தை, குளிர்பதனப் பெட்டியில் இன்சுலினை வைத்துக்கொண்டே நம் வீடுகள் மறுபடி நடத்துகின்றன.

கணக்கு எளிது, அதனால்தான் ஏமாற்றுகிறது. சாப்பாட்டைக் குறைத்தால் மீட்டரில் எண் குறைகிறது. எண் குறைந்தால் ஊசியையும் குறைக்கலாம். ஊசி குறைந்தால் நோயே குறைந்தது போல் ஒரு நிம்மதி. ஆனால் வளரும் உடம்புக்கு மாவுச்சத்தும் வேண்டும், அதை உயிரணுக்களுக்குள் கொண்டு சேர்க்க இன்சுலினும் வேண்டும். இரண்டும் போதாத குழந்தை வளராது. உயரம் நின்றுபோய், கல்லீரல் வீங்கி, பருவமடைதல் தள்ளிப்போகும் நிலையை பிரெஞ்சு மருத்துவர் பியர் மோரியாக் 1930-லேயே விவரித்திருக்கிறார். இன்றும் அவர் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. குழந்தைகளின் நீரிழிவுக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்கள், அவர்களுக்குத் தேவையான ஆற்றலில் பாதியளவு மாவுச்சத்திலிருந்தே வரலாம் என்கின்றன. அளவோடு கொஞ்சம் இனிப்பைக்கூட அவை விலக்கவில்லை. டைப் 1 குழந்தைக்குத் தேவைப்படும் உணவு அதே வயதுள்ள மற்றக் குழந்தைக்குத் தேவைப்படும் உணவேதான். கூடுதலாக அவளுக்கு வேண்டியது, அந்த உணவுக்குச் சரியான அளவில், சரியான நேரத்தில் ஊசி.

சாப்பாட்டுக்குத் தக்கபடி இன்சுலினைக் கணக்கிட்டுப் போட்டுக்கொள்ளக் கற்றுத்தரும் முறை ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் நகரில் உருவாகி, பிரிட்டனுக்குப் போனது. அங்கே நடந்த ஆய்வின் முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. நோயாளிகள் விரும்பியதைச் சாப்பிட்டார்கள், சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்பட்டது. வீட்டுப் பாஷையில் சொன்னால், எதில் எவ்வளவு மாவுச்சத்து என்று தெரிந்துகொள்வதுதான் அந்தப் படிப்பு. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 10 முதல் 15 கிராம். சப்பாத்தி ஒன்றில் 15 முதல் 20. வடித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28. ஒரு டம்ளர் பாலில் 10. இத்தனை கிராமுக்கு ஒரு யூனிட் என்பதை ஒவ்வொரு குழந்தைக்கும் மருத்துவர் தனித்தனியாக வகுத்துத் தருவார். கோலத்துக்குப் புள்ளி எண்ணும் பெண்களுக்கும், அரிசியைப் படியில் அளக்கும் கைகளுக்கும் இது எட்டாத கணக்கல்ல. ஆனால் இதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளின் புறநோயாளி வரிசையில் ஒரு தாய்க்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் 'ஸ்வீட் கொடுக்காதீங்க, சோறு கம்மி பண்ணுங்க' என்பதுதான் அவள் காதில் விழுகிறது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறாள்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் வதந்தி சொல்லிக்கொடுக்கிறது. கேழ்வரகுக்கு சுகர் ஏறாது என்கிறார்கள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், கேழ்வரகில் சுமார் 67. வித்தியாசம் அவ்வளவுதான். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், நல்ல தானியம், சந்தேகமில்லை. ஆனால் ஊசி போடாமல் குடிக்கிற பானம் என்று நினைத்து மாவாக்கிக் கூழாகக் காய்ச்சிக் கொடுத்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் 'இயற்கை' என்பதால் கணக்கில் வராதவை என்று நம்புவதும் இதே ரகம். இன்சுலின் சுரப்பை இழந்த உடம்பு கருப்பட்டியையும் வெள்ளைச் சர்க்கரையையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதைவிடக் கொடிய ஒன்று இருக்கிறது. நோய் கண்டு ஊசி ஆரம்பித்த சில வாரங்களில் பல குழந்தைகளுக்குச் சர்க்கரை திடீரென்று நன்றாகக் கட்டுப்படும். மிச்சமிருக்கும் கொஞ்சம் பீட்டா செல்கள் ஓய்வு கிடைத்ததும் கடைசியாக ஒருமுறை எழுந்து வேலைசெய்யும் காலம் அது. மருத்துவர்கள் 'தேனிலவுக் காலம்' என்பார்கள். சில மாதங்கள் நீடிக்கும், சிலருக்கு ஓராண்டும் போகும், பிறகு முடிந்துவிடும். போலி வைத்தியர்களின் அறுவடைக் காலமும் அதுதான். சிறுகுறிஞ்சான் பொடியும் பாகற்காய்ச் சாறும் கொடுத்து, அரிசியை அறவே நிறுத்தி, 'பாருங்கள், ஊசி குறைந்துவிட்டது, இன்னும் ஒரு மண்டலத்தில் ஊசியே வேண்டாம்' என்கிறார்கள். தானாகக் குறைந்த அளவுக்குத் தங்கள் மருந்தைக் காரணமாக்கிக்கொள்கிறார்கள். பெற்றோர் நம்புகிறார்கள். பிள்ளை ஊசியிலிருந்து தப்பிக்க வேண்டும் என்று ஏங்காத தாய் யார்? ஊசியை நிறுத்திய சில நாட்களில் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும். வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்து இழுத்து விடும் மூச்சு, அழுகிய பழ வாடை, பிறகு நினைவிழப்பு. டைப் 1 நோயை மூலிகையோ உணவோ குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்பவர்கள் மீது அரசு வழக்குத் தொடர வேண்டும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்திய விளம்பரச் சட்டத்திலேயே நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யத் தடை இருக்கிறது. சட்டம் கையில் இருக்கும்போது தயக்கம் எதற்கு?

போலிகள் இல்லாத வீட்டிலும் இதே விபத்து வேறு வழியில் நடக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி. 'ஒண்ணும் சாப்பிடலையே, ஊசி போட்டா லோ ஆயிடுமே' என்று பயந்து இரவு ஊசியைத் தவிர்க்கிறார்கள். அக்கறையில் செய்யும் தவறு இது, ஆனால் உயிரைப் பறிக்கும் தவறு. காய்ச்சலில் உடம்புக்கு இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடவே செய்யும். சாப்பாட்டுக்கான ஊசியின் அளவு மாறலாம், நாள் முழுக்க அடித்தளமாக வேலைசெய்யும் ஊசியை முற்றாக நிறுத்தவே கூடாது. அடிக்கடி பரிசோதித்து, தண்ணீர் கொடுத்து, மருத்துவரிடம் பேசி அளவை மாற்ற வேண்டும். வாந்தி நிற்கவில்லை என்றால் 'சாப்பாடு ஒத்துக்கல' என்று சோடாவும் ஓமத்தண்ணீரும் கொடுத்துக் காத்திராமல் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இந்த நாலு வரியை நோய் கண்ட அன்றே ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

மறுபக்கம், லோ சுகர். ஊசி போட்டாயிற்று, சாப்பாடு தாமதமாகிறது, அல்லது மாலையில் கபடி ஆடிவிட்டு வருகிறாள். 70-க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். அப்போது உடனே வேண்டியது 15 கிராம் சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 'சுகர் பேஷண்ட்டுக்கு சர்க்கரையா?' என்று அந்தக் கணத்தில் தட்டிப் பறிக்கும் கைகளும் இருக்கின்றன. தாத்தாவின் நோயை மட்டுமே தெரிந்த கைகள்.

வீட்டுக்கு அடுத்தபடியாகக் குழந்தை அதிக நேரம் இருப்பது பள்ளியில். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்த மாநிலம் பெருமைப்படவேண்டிய திட்டம். 1982-ல் விரிந்த சத்துணவுத் திட்டம் போலவே அது தலைமுறைகளைக் காப்பாற்றும். அந்த வரிசையில் தட்டோடு நிற்கும் டைப் 1 குழந்தையை மட்டும் இன்னும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் கிடைக்கும் சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். அம்மா ஏழரைக்கு வீட்டில் ஊசி போட்டு அனுப்புகிறாள். உப்புமா வர எட்டரை ஆகிறது, சில நாள் இன்னும் தாமதம். நடந்துபோன களைப்பும் சேர்ந்து பிள்ளை பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுகிறது. மதிய ஊசியை யார் போடுவது? எட்டு வயதுக் குழந்தை கழிப்பறைக்குப் போய், யாருக்கும் தெரியாமல், தானே போட்டுக்கொள்ள வேண்டுமா? இந்தப் பயத்தில் பல தாய்மார்கள் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: 'ஸ்கூல்ல எதுவும் சாப்பிடாதே.' கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்த முடிவின் பெயர் பட்டினி. அந்தப் பிள்ளை இழப்பது சோற்றை மட்டுமல்ல, தினமும் ஒரு முட்டையையும். வளரும் பருவத்தில் கிடைக்கும் உருப்படியான புரதமே பல வீடுகளில் அதுதான்.

சி.பி.எஸ்.இ. 2017-லேயே பொதுத்தேர்வு எழுதும் டைப் 1 மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் ஆகியவற்றைத் தேர்வறைக்குள் கொண்டுபோக அனுமதி கொடுத்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பள்ளிகளில் இந்தக் குழந்தைகள் இடையே சாப்பிடவும் பரிசோதிக்கவும் ஊசி போட்டுக்கொள்ளவும் இடம்தர வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. கடிதங்கள் பள்ளி வாசல்வரை வருகின்றன. வகுப்பறைக்குள் 'மிஸ், லோ ஆகுது, பிஸ்கட் சாப்பிடட்டுமா?' என்று கேட்கும் பிள்ளையிடம், 'பெல் அடிக்கட்டும்' என்று சொல்பவரிடம் அவை போய்ச் சேர்வதில்லை.

வளர்ந்த பிறகும் தட்டின் மீதான காவல் முடிவதில்லை. தினமும் ஒவ்வொரு வாய்க்கும் கணக்குக் கேட்கப்பட்ட பிள்ளை, யாரும் இல்லாத நேரத்தில் திருடித் தின்னும். தலையணைக்கடியில் மிட்டாய்க் காகிதம் அகப்படும்போது வீட்டில் நடக்கும் ரகளையைப் பல குடும்பங்கள் அறியும். தின்றதைச் சொல்லப் பயம், அதனால் அதற்கான ஊசியும் போடப்படுவதில்லை. தேவைப்பட்டது ஒரு மிட்டாயும் அரை யூனிட்டோ ஒரு யூனிட்டோ இன்சுலினும்தான். கிடைத்ததோ திருட்டுப் பட்டமும் முந்நூறு சர்க்கரையும். பதின்பருவப் பெண்களிடம் இது இன்னும் ஆழமான காயமாகிறது. இன்சுலினைக் குறைத்தால் உடம்பு மெலியும் என்று கண்டுகொண்டு, வேண்டுமென்றே ஊசியைத் தவிர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். உலகெங்கும் மருத்துவர்களைக் கலங்கவைத்திருக்கும் நிலை இது. நம் ஊரில் அதற்குப் பெயர்கூட இல்லை. கல்யாணச் சந்தையில் நோயை மறைக்க வேண்டிய பெண், பந்தியில் இலை போட்ட பிறகு ஊசி எடுக்க முடியாமல் போகிற பெண், மாமியார் வீட்டில் பசிக்கிறது என்று சொல்லக் கூச்சப்படுகிற பெண், இவர்கள் எல்லாரும் அந்தச் சுருங்கிய தட்டோடு வளர்ந்தவர்கள்தான்.

இந்தியாவில் 20 வயதுக்குக் கீழே 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் டைப் 1 நோயோடு வாழ்வதாகச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-ல் கணித்தது. உலகிலேயே இந்த எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும் நாடு நம் நாடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-ல் இந்த நோய்க்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுப்பாடு சரியாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியாத விஷயமல்ல. 1,441 டைப் 1 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1993-ல் முடிவு வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், தீவிரச் சிகிச்சை கண் பாதிப்பு உருவாகும் வாய்ப்பை 76 சதவீதம் குறைத்தது. அந்தக் கட்டுப்பாட்டை அவர்கள் எட்டியது அடிக்கடி விரல் குத்திப் பார்த்தும், அதற்குத் தக்கபடி ஊசியின் அளவை மாற்றியும். விரல் குத்தும் ஸ்ட்ரிப்பின் விலை நாளுக்கு நான்கு முறை என்று கணக்கிட்டால் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தை நொறுக்கிவிடும். எண் தெரியாமல் ஊசியின் அளவைக் கூட்டத் துணிவு வராது. ஊசியைக் கூட்டத் துணியாத வீட்டில் சோறு குறையத்தான் செய்யும். பட்டினியின் வேர் அறியாமையில் பாதி, வறுமையில் பாதி.

தமிழக அரசுக்கு இது புதிதாகக் கட்டவேண்டிய மாளிகை அல்ல. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். தாத்தாவின் மாத்திரையைக் கொடுக்கப் போகும் அவர்களுக்குப் பேத்தியின் நோய் வேறு என்பதையும், கீட்டோனின் அறிகுறியையும் கற்றுக்கொடுக்க வேண்டும். இன்சுலினோடு மாதம் நூறு ஸ்ட்ரிப்பாவது இலவசமாகத் தர வேண்டும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் டைப் 1 குழந்தைகளுக்கென்று வாரம் ஒரு நாள், ஒரு உணவியல் நிபுணர், இட்லியையும் குழம்பு சாதத்தையும் சுண்டலையும் முன்னால் வைத்துக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் டைப் 1 குழந்தை இருக்கிறாள் என்பது தலைமையாசிரியருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஊசி போட்டுக்கொள்ளக் கழிப்பறை அல்லாத ஒரு சுத்தமான அறை வேண்டும். வகுப்பாசிரியரின் மேசை இழுப்பறையில் ஒரு பொட்டலம் சர்க்கரை வேண்டும். உப்புமா தாமதமாகும் நாளில், வரிசையில் முதலில் அவள் தட்டு நிறைய வேண்டும்.